வடிகாலில் வைக்காத பெட்டி

ஹார்பர் லைன் வண்டி செம்பூரை விட்டுக் கிளம்பி கோவண்டியை நெருங்கும்போது, கதவோரம் தொங்கிக்கொண்டு வருகிறவர்களின் கண்ணில் ஒரு கணம் பச்சை அடிக்கும். அதற்கு முன்னால் தகரக் கூரை, அதற்குப் பின்னால் தகரக் கூரை. நடுவில் நீளவாக்கில் ஒரு துண்டு கீரைக்காடு. ஒரு கொட்டாவி விட்டு முடிப்பதற்குள் அது பின்னால் போய்விடும்.

அந்தப் பச்சைக்குள் குத்தவைத்து உட்கார்ந்து வேல்ராஜ் முளைக்கீரை அறுத்துக்கொண்டிருந்தான். அவன் மனைவி பேராச்சி, அறுத்ததைக் கைப்பிடி அளவு சேர்த்து நாரால் கட்டி ஈரச் சாக்கில் அடுக்கினாள். வெயில் ஏறுவதற்குள் தாராவிக்குக் கொண்டுபோக வேண்டும். பாலக்கும், மேத்தி என்கிற வெந்தயக்கீரையும் பம்பாய் முழுக்கக் கிடைக்கும். முளைக்கீரை, அரைக்கீரை என்றால் தாராவித் தமிழர்கள் பேராச்சியின் சாக்கைத்தான் தேடி வருவார்கள்.

வேல்ராஜின் சட்டைப் பையிலிருந்து ஒரு பெண்குரல் பேசியது.

"அண்ணா, இன்னைக்கு வெயில் கொளுத்தப் போகுது. மண்ணுல ஈரம் கம்மியா இருக்கு. மத்தியானத்துக்குள்ள வலைய இழுத்து மூடிடுங்க."

"உங்க தங்கச்சி பேசிட்டா. போங்க, வலைய இழுங்க," என்றாள் பேராச்சி.

"மெதுவாப் பேசுட்டி. கீழப் பாத்தில அந்தப் புள்ள நிக்கா."

"நின்னா என்ன? அவளுந்தான் கேக்கட்டுமே."

வேல்ராஜ் எழுந்து, நிழல்வலையின் கயிற்றை அவிழ்க்கப் போனான்.

குரல் மாலதியுடையது. பாத்தியின் நடுவே, இடுப்பு உயரக் குழாயின் உச்சியில், டிபன் டப்பா அளவில் ஒரு வெள்ளைப் பெட்டி நின்றது. அதன் தலையில் உள்ளங்கை அகலத்துக்குச் சூரியத் தகடு, விலாவில் காற்றுப் போக வரிவரியாக இடுக்குகள், காலடியில் மண்ணுக்குள் இறங்கிய இரண்டு கம்பிகள். தூரத்திலிருந்து பார்த்தால் ஒற்றைக்காலில் நின்று யோசிக்கிற கொக்கு என்றே தோன்றும். காற்றின் சூட்டையும் ஈரத்தையும் அது முகர்ந்து பார்த்தது. வேருக்கு எவ்வளவு தாகம் என்று கம்பியால் தொட்டுப் பார்த்தது. பார்த்ததையெல்லாம் மாலதியின் கம்ப்யூட்டருக்கு அனுப்பியது. அங்கே அது வானிலைக் கணிப்போடு சேர்ந்து, ஆபத்து என்றால் ஒரு குரலாக மாறி வேல்ராஜின் போனுக்குத் திரும்பி வந்தது. வேல்ராஜ் தாராவியில் பிறந்து இந்திப் பள்ளிக்கூடத்தில் படித்தவன். தமிழை எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பான். அதனால் மாலதி ஒவ்வோர் எச்சரிக்கையையும் தன் குரலிலேயே பேசிப் பதிந்து வைத்திருந்தாள்.

அவள் இன்ஜினியரிங் படித்தவள். பெரிய கம்பெனி வேலையை உதறிவிட்டு, இரண்டு தோழிகளோடு செம்பூர் வீட்டு மாடியில் உட்கார்ந்து இந்தப் பெட்டிகளைச் செய்தாள். நாசிக் பக்கத்துத் திராட்சைத் தோட்டங்களில் அவளுடைய பெட்டிகள் நின்றன. ரயிலில் போகும்போது இந்தக் கீரைக்காட்டைப் பார்த்துவிட்டு, அடுத்த ஸ்டேஷனில் இறங்கித் திரும்பி நடந்தே வந்து, "அண்ணா, உங்க வயல்ல ஒண்ணு வச்சுப் பாக்கட்டுமா? காசெல்லாம் வேண்டாம்" என்று கேட்டவள்.

அந்தச் சித்திரையில் பம்பாயில் அனல் காற்று வீசியது. தண்டவாளத்தோரம் இருந்த பாத்திகளெல்லாம் இரண்டே பகலில் அப்பளமாய்ப் பொரிந்தன. வேல்ராஜின் பாத்தி மட்டும் கல்யாண வீட்டுப் பந்தலுக்குள் இருப்பதுபோலக் குளிர்ச்சியாக நின்றது. எந்த வேளையில் வலை போட வேண்டும், எந்த வேளையில் தண்ணீர் தெளிக்க வேண்டும் என்று மாலதியின் குரல் சொல்லிக்கொண்டே இருந்தது. அவன் செய்துகொண்டே இருந்தான். சொல்லப்போனால் அதிசயம்தான். பக்கத்தில் ரயில் தடதடத்து ஓட, தீப்பெட்டி வீடுகளுக்கு நடுவே, ஒரு வெள்ளைப் பெட்டி வானத்தோடு பேசிக் கீரையைக் காப்பாற்றியது.

ஆனால் பார்த்தவர்கள் யாரும் பெட்டியைப் பாராட்டவில்லை. வேல்ராஜைப் பாராட்டினார்கள். "வானத்த வாசிக்கான்வே இவன்!" என்றான் கிணற்றடிப் பாத்திக்காரன் இசக்கிப்பாண்டி. கிண்டல் பண்ணுவதில் கெட்டிக்காரனான அவன்தான் 'மௌசம் மகராஜ்' என்று பேரும் வைத்தான். வானிலைச் சாமியார்! தண்டவாளம் நெடுகிலும் அந்தப் பேர் ஒட்டிக்கொண்டது. தோல் பட்டறையில் கூலிக்கு நின்ற காலத்தில் "ஏய்" என்பதைத் தவிர வேறு பேர் கேட்டறியாத வேல்ராஜுக்கு அது தேனாக இனித்தது. அதனால், கீழ்ப்பாத்தி ஷைஸ்தா பெட்டியைக் காட்டி, "இது என்னண்ணே?" என்று கேட்டபோது, அவன் வாயிலிருந்து பொய் தானாக வழுக்கி விழுந்தது.

"ரயில்வேக்காரன் வச்ச மீட்டரும்மா. கை வச்சிராத, ஷாக் அடிக்கும்."

ஷைஸ்தா மேலப்பாளையத்துக் குடும்பத்துப் பெண். கோவண்டியில், பாத்தியிலிருந்து கூப்பிடு தூரத்தில் வீடு. கணவன் அம்மார் உல்லாஸ்நகர் பக்கம் லாரி ஓட்டினான். பாத்தி முழுக்க அவள் பாடுதான். சித்திரை வெயிலில் அவளுடைய பாலக் கருகியது. ஆடி மழையில் வெண்டை அழுகியது. புரட்டாசி பிறந்ததும் வேல்ராஜிடம் வந்து நின்றாள்.

"மகராஜ் அண்ணே, மழ இன்னும் வருமா? இருக்கிற மேத்தி வெதைய எல்லாம் போட்டுரலாம்னு பாக்கேன். இதுவும் போச்சுன்னா நெலத்த விட்டுட்டு வீட்டோட ஜரிகை தைக்கிற ஜரி வேலைக்கே போயிருவேன். அதுல கண்ணுதான் போகும், மனசு போகாது."

பெட்டி அன்றைக்கு எதுவும் சொல்லியிருக்கவில்லை. இருந்தாலும் வேல்ராஜ் நெற்றியில் கை வைத்து வானத்தைப் பார்த்தான். கிழக்கே பார்த்தான், மேற்கே பார்த்தான், மூக்கை உறிஞ்சினான். பிறகு சொன்னான்:

"மழ ஓஞ்சுபோச்சு தங்கச்சி. தைரியமா வெத."

அவள் நம்பி விதைத்தாள்.

அடுத்த வாரம் மாலதி போன் பண்ணி அவனைச் செம்பூர் ஸ்டேஷனுக்கு வரச் சொன்னாள். நாசிக் போகிற அவசரத்தில் இருந்தாள். முதுகில் ஒரு பை, கையில் ஒரு பை. பிளாட்பாரத்தில் வைத்தே இன்னொரு பெட்டியை அவன் கையில் கொடுத்தாள். அதன் அடியில் நீளமாக ஒரு குழாய் தொங்கியது.

"அண்ணா, இது தண்ணி மட்டத்தப் பாக்கிற பெட்டி. உங்க பாத்திக்கில்ல. ஷைஸ்தா அக்கா பாத்திக் கடைசியில வடிகால் போய் நாலாவுல, அந்தப் பெரிய சாக்கடையில, சேருதே, அங்க மாட்டிடுங்க."

"அங்க எதுக்கும்மா? மழ மேலேருந்துதானே வரும்?"

"மழைதான் மேலேருந்து வரும். தண்ணி கீழேருந்து ஏறும். செம்பூர்ல பேயற மழையெல்லாம் நாலாவுல இறங்கி உங்ககிட்டதான் வருது. கோவண்டியில பளீர்னு வெயில் அடிக்கும், ஆனா நாலா நிரம்பிட்டிருக்கும். நிரம்பிச்சுன்னா வடிகால் வழியாத் திரும்பி முதல்ல அவங்க பாத்தி, அப்புறம் உங்க பாத்தி. முன்கூட்டியே தெரிஞ்சா வடிகால் வாயில ஒரு பலகையப் போட்டு அடைச்சா முடிஞ்சுது. ரெண்டு பாத்தியும் தப்பிச்சுடும். அவங்க நம்பரையும் வாங்கி எனக்கு அனுப்புங்க, அவங்களுக்கும் செய்தி போகட்டும். மறந்துடாதீங்கண்ணா!"

வண்டி வந்தது, அவள் ஏறிவிட்டாள். வேல்ராஜ் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு பிளாட்பாரப் பெஞ்சில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தான். இதை வடிகாலில் மாட்டினால் ஷைஸ்தாவின் போனிலும் அந்தக் குரல் பேசும். அப்புறம் மகராஜ் ஏது, பட்டம் ஏது?

அந்தப் பெட்டியை அவன் தன் பாத்தியிலேயே, கிணற்று மேட்டின் மறைவில் நட்டுவைத்தான். தண்ணீரே வராத இடம். பெட்டி பாவம், தன் கடமையைச் செய்துகொண்டு, 'தண்ணீர் இல்லை, தண்ணீர் இல்லை' என்று உண்மையை மட்டும் சொல்லிக்கொண்டிருந்தது.

ஆயுத பூஜை வந்தது. தாராவியில் அன்றைக்கு ஒரு மெஷினும் ஓடாது. தையல் மெஷின், தோல் வெட்டும் கத்தி, தராசு, ஆட்டோ, எல்லாவற்றுக்கும் குளியல், பொட்டு, மாலை. வேல்ராஜும் அருவாளையும் மண்வெட்டியையும் கழுவி வைத்தான். காலையிலேயே பாத்திக்குப் போய் இரண்டு பெட்டிகளையும் பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டான்.

"வானத்தப் பாத்துக்கிட்டு நிக்கறத எதுக்குப் புடுங்கிட்டு வந்தீங்க?" என்று கேட்டாள் பேராச்சி.

"அதுவும் ஆயுதந்தானட்டி. வருசமெல்லாம் வெயில்ல நிக்கி. போலீஸ்காரனுக்குக்கூட ஒருநாள் லீவு உண்டுல்லா?"

"அவன் லீவு போட்டா அந்த எடத்துல வேற போலீஸ்காரன் நிப்பான். இங்க யாரு நிக்கா?"

"நல்ல நாளும் அதுவுமா வாதாடாத. சந்தனத்த எடு."

பெட்டிகள் சாமி படத்துக்கு முன்னால் ஏறின. வழவழப்பான மூடியில் சந்தனம் ஒட்டவில்லை. இடுக்கு இருந்த இடத்தில் நன்றாக ஒட்டியது. மேலே குங்குமம், கழுத்தில் சாமந்தி. போனும் ஆயுதம்தானே? அதையும் அணைத்துப் பக்கத்தில் வைத்தான். பேராச்சி தன் போனை மட்டும் கொடுக்கவில்லை. "இதுக்கு எங்கூடத்தான் பூச," என்று இடுப்பில் செருகிக்கொண்டாள். இருபுறமும் குத்துவிளக்கு எரிந்தது. சாம்பிராணிப் புகை அறையை நிறைத்து, பெட்டியின் இடுக்குகளுக்குள் புகுந்தது.

பொரிகடலையை வாயில் போட்டு மெல்லும்போது பேராச்சியின் இடுப்பில் போன் அடித்தது.

"அக்கா, அண்ணா போன் ஏன் ஆஃப்ல இருக்கு? வயல்ல தீ ஏதாவது பிடிச்சிருக்கா?" மாலதிக்கு மூச்சு வாங்கியது.

"தீயா? என்னம்மா சொல்லுத?"

"பெட்டி ஐம்பது டிகிரிக்கு மேல காட்டுது. மண்ணுல ஈரமே இல்லைங்குது. கோவண்டியில அப்படி ஒரு சூடு வரவே வராதுக்கா!"

பேராச்சி திரும்பிப் பார்த்தாள். விளக்குகளுக்கு நடுவே மாலையும் கழுத்துமாகப் பெட்டி வீற்றிருந்தது.

"எம்மா... அது வயல்ல இல்ல. இங்கன சாமி முன்னாடி உக்காந்திருக்கு. சந்தனம் வச்சிருக்கு."

மாலதி சிரித்துவிட்டாள். "சந்தனமா! கடவுளே. அந்த வரிவரியா இருக்கிற இடத்துல மட்டும் வைக்கலையே?"

"அங்கனதாம்மா நல்லா ஒட்டிச்சு."

"போகட்டும், கழுவிக்கலாம். வடிகால் பெட்டியாவது இருக்கே. அக்கா, இங்க செம்பூர்ல மழை கொட்டோ கொட்டுன்னு கொட்டுது. நாலாவுல தண்ணி ஏறிட்டிருக்கும். ஷைஸ்தா அக்கா பலகையப் போட்டுட்டாங்களா? அவங்க நம்பரை அண்ணா எனக்குத் தரவே இல்ல."

பேராச்சி கணவனைப் பார்த்தாள். வேல்ராஜ் 'சொல்லாதே' என்று கண்ணைக் காட்டினான். அவள் கண்ணைத் திருப்பிக்கொண்டாள்.

"வடிகால் பெட்டியும் இங்கதாம்மா இருக்கு. அது வடிகாலுக்குப் போகவே இல்ல. அப்படி ஒண்ணு இருக்குன்னே அந்தப் புள்ளைக்குத் தெரியாது."

மாலதி இப்போது சிரிக்கவில்லை. "நான் வயலுக்குக் கிளம்பறேன்," என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்தாள்.

வேல்ராஜ் ஓடிப்போய்ப் போனை எடுத்து உயிர்ப்பித்தான். மிஸ்டு கால் செய்திகள் வந்து கொட்டின. ஷைஸ்தா கூப்பிட்டிருந்தாள். திரும்பவும் கூப்பிட்டிருந்தாள். கீழே கீழே அவள் பெயராகவே நின்றது. வாசலுக்கு வந்து அண்ணாந்து பார்த்தான். தாராவியில் ஒரு துளி மேகம் இல்லை.

ஆட்டோவில் சயான் தாண்டும்போது வானத்தின் ஓரம் கறுத்தது. செம்பூரில் மழை சுவர்போல நின்றது. வைப்பர் அடித்து மாளாமல், ஆட்டோக்காரர் கையை வெளியே விட்டுக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு ஓட்டினார். கோவண்டியில் இறங்கியபோது அங்கே அப்போதுதான் தூறல் தொடங்கியிருந்தது. ஆனால் கீழ்ப்பாத்தி இருந்த இடத்தில் பழுப்புத் தண்ணீர் தளும்பிக்கொண்டிருந்தது. மேத்தி இலைகள் ஒன்றிரண்டு, மூழ்குகிற பிள்ளையின் விரல்போல, தண்ணீருக்கு மேல் தெரிந்தன. இன்னும் கொஞ்ச நேரத்தில் அவையும் போய்விடும்.

முழங்கால் தண்ணீரில் ஷைஸ்தா நின்றாள். முக்காட்டை இடுப்பில் இறுக்கிக் கட்டியிருந்தாள். அவள் பாத்திக்கும் வேல்ராஜின் பாத்திக்கும் நடுவே இருந்த மடைவாயில் மண்சாக்குகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"எங்கண்ணே போனீங்க! எத்தன தடவ கூப்பிட்டேன்!" என்று கத்தினாள். "ஜரி போட்டுக்கிட்டு இருந்தேன். யாரோ ஓடிவந்து சொன்னாங்க, பாத்திக்குள்ள தண்ணி நிக்கின்னு. வந்து பாத்தா எல்லாம் போச்சு. வடிகால் பலகையக்கூடப் போட முடியல, அம்புட்டு ஆழம்."

"அப்ப இங்க என்னம்மா செய்யுத?"

"எம் பாத்திதான் போச்சு. இதையும் விட்டா தண்ணி மேல ஏறி உங்களதும் போயிரும்லா. ஒண்ணாவது நிக்கட்டும்னுதான். பாத்துக்கிட்டே நிக்காதீங்க, சாக்க எடுங்க!"

வேல்ராஜ் மடைவாயைப் பார்த்தான். மடையை அடைத்தால், மேலே ஏறிப் பரவ வேண்டிய தண்ணீரும் அவள் பாத்தியிலேயே நிற்கும். அது அவளுக்குத் தெரியும். தெரிந்தே அடைக்கிறாள்.

அப்போது தண்டவாளத்தோரப் பாதையில் மாலதி ஓடிவந்தாள். தொப்பலாக நனைந்திருந்தாள். வந்தவள் மூழ்கிய பாத்தியைப் பார்த்தாள். நேராக ஷைஸ்தாவிடம் கேட்டாள்:

"அக்கா, நான் மாலதி. அந்தப் பெட்டிகளைச் செஞ்சவ. உங்க வடிகாலுக்குன்னு ஒரு பெட்டி கொடுத்து அனுப்பினேனே, உங்களுக்கு அண்ணா சொல்லலையா?"

"எந்தப் பெட்டி? மேல நிக்கிற மீட்டரா? அது ரயில்வேது, ஷாக் அடிக்கும்னு..." சொல்லிக்கொண்டே வந்த ஷைஸ்தா நிறுத்தினாள். கையில் சாக்கு கனத்துக்கொண்டிருந்தது. மெதுவாக வேல்ராஜின் பக்கம் திரும்பினாள். பூஜைக்கு நெற்றியில் வைத்த சந்தனம் கரைந்து அவன் புருவத்தில் வழிந்துகொண்டிருந்தது.

"வெயில் வரப்போகுதுன்னு சொன்னது அந்தப் பெட்டியா? வானத்தப் பாத்து, மூக்க உறிஞ்சி, வெதன்னு சொன்னீங்களே... அது?"

"அது நானாச் சொன்னதும்மா," என்றான் வேல்ராஜ். "பெட்டி அப்படிச் சொல்லல. கீழ வைக்கச் சொன்னதையும் நான் வைக்கல. உனக்கும் தெரிஞ்சிட்டா என்னைய எவன் மதிப்பான்னு நெனச்சிட்டேன்."

மழை வலுத்தது. ஒரு ரயில் நிதானமாக ஊர்ந்து போனது. கதவோரத்து ஆட்கள் அந்த மூன்று பேரையும் வேடிக்கை பார்த்தபடியே போனார்கள். ஷைஸ்தா சாக்கைக் கீழே போட்டுவிட்டு வீட்டுக்குப் போயிருக்கலாம். போனால் அவளை யாரும் குறை சொல்ல முடியாது. அவள் சாக்கை மடைவாயில் ஓங்கிப் போட்டாள்.

"கோவத்த நான் அப்புறம் படுதேன். இப்ப மண்ண அள்ளுங்க."

மூவருமாக அள்ளினார்கள். பேராச்சி அடுத்த ஆட்டோவில் வந்து சேர்ந்து, புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கினாள். கம்ப்யூட்டரைத் தவிர வேறெதையும் தூக்கிப் பழகாத மாலதி, வழுக்கி விழுந்து எழுந்து மண்சாக்குச் சுமந்தாள். தண்ணீர் மடையின் உதடு வரை வந்தது. அங்கேயே நின்று முணுமுணுத்தது. பொழுது சாயும்போது மெல்ல இறங்கத் தொடங்கியது. மேல்பாத்தி தப்பித்தது. கீழ்ப்பாத்தியில் சேறும் பிளாஸ்டிக் பைகளும் மட்டும் மிஞ்சின.

"பெட்டி வடிகால்ல இருந்திருந்தா மத்தியானமே சொல்லியிருக்கும்," என்றாள் மாலதி. குற்றம் சாட்டுகிற தொனியில் இல்லை, ஆற்றாமையோடு. "வெயில் அடிச்சிட்டிருந்தபோதே. அக்கா வீடு பக்கத்துலதான். வந்து ஒரு பலகையச் செருகிட்டுப் போயிருந்தா போதும்."

ஒரே ஒரு பலகை. வேல்ராஜ் சேற்றில் உட்கார்ந்துவிட்டான். பேராச்சி அவனைத் தேற்றவில்லை. ஷைஸ்தாவின் பக்கம் போய் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"தாயி, மேல நிக்கிற கீரை நீ காப்பாத்துனது. பாதி உன்னது. உன் பாத்தி தழையற வரைக்கும் நீயே அறுத்துக்கோ. இவர்ட்ட நான் கேக்கல, சொல்லுதேன்."

"கீரை வேண்டாம்னு சொல்லமாட்டேங்க்கா. ஆனா எனக்குக் கீரை மட்டும் போதாது. அந்தப் பெட்டி பேசுறத நானும் கேக்கணும்," என்றாள் ஷைஸ்தா.

மறுநாள் விஜயதசமி. வேல்ராஜ் பாத்திக்காரர்கள் அத்தனை பேரையும் கிணற்றடிக்கு வரச் சொல்லியிருந்தான். மாலதி பழைய பல் துலக்கும் பிரஷால் பெட்டியின் இடுக்கிலிருந்த சந்தனத்தைச் சுரண்டிக்கொண்டிருந்தாள். அவன் எழுந்து நின்று, இந்தியிலும் தமிழிலுமாகத் திக்கித் திணறி எல்லாவற்றையும் சொன்னான். வெயில் வரப்போவதைச் சொன்னது பெட்டி. மழையைப் பற்றிப் புளுகியது அவன். மகராஜும் இல்லை, மண்ணாங்கட்டியும் இல்லை.

"நெனச்சேன்," என்றான் இசக்கிப்பாண்டி. "சொந்த வீட்டுக் குடைய எங்க வச்சோம்னு தெரியாதவன், வானத்த எப்படில வாசிப்பான்?"

எல்லோரும் சிரித்தார்கள். வேல்ராஜும் சிரித்தான். அந்தச் சிரிப்பு அவனுக்கு வலித்தது. ஆனால் கூடவே ஏதோ பாரம் இறங்கியது போலவும் இருந்தது.

அன்றைக்கே வடிகால் வாயில் அவனே சேற்றுக்குள் இறங்கிப் பெட்டியை நட்டான். பாத்திக்காரர்கள் எல்லோரின் நம்பர்களும் மாலதியின் கம்ப்யூட்டருக்குள் போயின. பாதிப் பேருக்குத் தமிழ் தெரியாது. மாலதியின் இந்தியோ வடாபாவ் வாங்குவதற்குத்தான் காணும். "நான் பேசுதேன்," என்றாள் ஷைஸ்தா. போனை வாய்க்கு அருகே வைத்துக்கொண்டு, தொண்டையைச் செருமி, வெட்கப்பட்டு, மூன்றாம் முயற்சியில் கணீரென்று இந்தியில் பேசினாள்: நாலாவில் தண்ணீர் ஏறுகிறது, வாருங்கள், பலகையைப் போடுங்கள்.

ஐப்பசியில் ஒரு பிற்பகல். கோவண்டியில் நல்ல வெயில். திடீரென்று தண்டவாளம் நெடுகிலும், மடியில், சட்டைப் பையில், சைக்கிள் கூடையில் என்று எங்கெங்கோ இருந்த போன்களில் ஷைஸ்தாவின் குரலும் மாலதியின் குரலும் ஒன்றன்பின் ஒன்றாகப் பேசின. அந்த நேரத்தில் ரயிலில் போனவர்கள் ஒரு விநோதக் காட்சியைப் பார்த்திருப்பார்கள். மேகமே இல்லாத வானத்தின் கீழ் ஆண்களும் பெண்களும் பலகையும் சாக்குமாக ஓடிக்கொண்டிருந்தார்கள். போன் இல்லாத ஒரு கிழவருக்காக ஷைஸ்தா வரப்பின்மேல் ஓடிக்கொண்டே கத்தினாள். அவர் தனக்கு அடுத்தவருக்குக் கத்தினார். சேதி பாத்தி பாத்தியாகத் தாவி அடுத்த ஸ்டேஷனான மான்குர்து பக்கம் போய்க்கொண்டே இருந்தது.

தண்ணீர் வந்தது. பலகைகளை முட்டிப் பார்த்துவிட்டு நாலாவோடு போய்விட்டது. ஷைஸ்தா புதிதாக விதைத்த மேத்தி, இரண்டிலைத் தளிராக, தலை நிமிர்ந்து நின்றது. அவள் அதன் பக்கத்தில் உட்கார்ந்து, யாரும் பார்க்காதபோது, ஒரு தளிரை விரலால் தடவிக் கொடுத்தாள். அன்று பெரிய பந்தோபஸ்து வேலையை முடித்த பெட்டி அவளுக்குப் பின்னால் அலட்டிக்கொள்ளாமல் நின்றது.

இசக்கிப்பாண்டி பலகையைத் தோளில் சாய்த்துக்கொண்டு வந்தான். "என்னவே வேல்ராஜு, ஊருக்கெல்லாம் ஓசியில ஒப்பிச்சுட்டீரு. உம்ம பதவி போச்சே, வருத்தமில்லையா?"

வேல்ராஜ் காலில் அப்பியிருந்த சேற்றை வழித்து எறிந்தான்.

"மழைக்கு எவன் பாத்தி, எவன் வரப்புன்னு தெரியாதுவே. எல்லாத்தையும் ஒண்ணாத்தான் முக்கும். அப்பேர்ப்பட்ட மழை வருதுங்கிற சேதிக்கு மட்டும் நாம வரப்பு கட்டினா, அடுத்தவன் முங்குவான், பின்னாடியே நாமளும் முங்குவோம். தெரிஞ்சத ஒளிச்சு வச்சவன் அறிவாளி இல்ல. கூப்பிட்டுச் சொன்னவன்தான் விவசாயி."